கடையில் எதையும் வாங்காமல் நாட்குறிப்புப் புத்தகம் கட்ட முடியுமா?

கேள்வி: 2 பிப்ரவரி 2025, காலை 10.40

பழைய காகிதம், டிக்கெட், துணித்துண்டு எல்லாம் சேர்த்து நாட்குறிப்புப் புத்தகம் செய்கிறார்களே, ஜங்க் ஜர்னல் என்று, அதைச் செய்துபார்க்க ரொம்ப நாளாக ஆசை. இணையக் கடை ஒன்றில் 48 வெள்ளிக்கு ஒரு பெட்டி விற்கிறார்கள். தேநீரில் நனைத்த நிறத்தில் தாள்கள், அந்தக் காலத்து ரயில் சீட்டு மாதிரி அச்சடித்தவை, லேஸ், பசை எல்லாம் உள்ளே இருக்கிறதாம். வாங்கலாமா? எனக்குத் தையல் தெரியாது. சிங்கப்பூரில் மூவறை வீடு, பொருள் அடுக்க இடமும் இல்லை. செய்து பழகியவர்கள் சொல்லுங்களேன்.

பதில்: 2 பிப்ரவரி, இரவு 9.15

வாங்காதீர்கள். அந்தப் பெட்டியில் இருப்பது பழைய காகிதமே இல்லை, பழையது மாதிரி அச்சடித்த புதுக் காகிதம். நீங்கள் ஏறாத ரயிலுக்கு, நீங்கள் பார்க்காத ஊரில், யாரோ அச்சடித்த சீட்டு. அதை ஒட்டிவிட்டு அதன் பக்கத்தில் என்ன எழுதுவீர்கள்?

இன்றைக்கு வீட்டில் இருப்பதை மேசைமேல் கொட்டுங்கள். சீனப் புத்தாண்டு பிறந்து ஐந்து நாள்தான் ஆகிறது, பிரித்த அங் பாவ் உறை, பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறை, குறைந்தது நாலு கிடக்கும். மைலோ பெட்டி, சட்டைக்குள் வைத்துக் கொடுக்கும் அட்டை, மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, காப்பிக்கடையில் சோறு கட்டித் தரும் பழுப்புத் தாள், ராஃபியா கயிறு. எம்ஆர்டி ரயிலின் ஒற்றைப் பயண அட்டைச் சீட்டை 2022இல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் பழைய கைப்பையின் உள்ஜிப்பில் ஒன்றிரண்டு இன்னும் இருக்கும். வேலையிடத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து வீசுகிற ஏ4 தாள்களையும் கேட்டு வாங்குங்கள். யாருடைய பெயரும் அடையாள அட்டை எண்ணும் இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

தையல் தெரிய வேண்டாம். ஐந்து தாளை ஒன்றாக வைத்து நடுவில் மடியுங்கள். மைலோ பெட்டியை வெட்டி அதே அளவில் மடித்து வெளியே போர்த்துங்கள். மடிப்பின் மேல் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலேயும் கீழேயும் விளிம்பிலிருந்து மூன்று விரல் தள்ளி ஒவ்வொன்று. கோணி ஊசி இருந்தால் நல்லது. நூல் புத்தக உயரத்தைப் போல இரண்டரை மடங்கு. அதை ஒருமுறை மெழுகுவர்த்தியில் இழுத்துவிட்டால் சிக்காது. உள்பக்கமிருந்து நடுத்துளையில் ஊசியை வெளியே விடுங்கள், நுனியைக் கொஞ்சம் உள்ளேயே விட்டுவிட்டு. வெளியே போன ஊசி மேல்துளை வழியாக உள்ளே வரட்டும். இப்போது நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்குப் போய் வெளியே. அங்கிருந்து திரும்ப நடுத்துளை வழியாக உள்ளே. உள்ளே மேலிருந்து கீழாக ஒரு நீள நூல் ஓடுகிறது பாருங்கள், அதன் இந்தப் பக்கம் ஒரு நுனியும் அந்தப் பக்கம் ஒரு நுனியும் வருகிற மாதிரி வைத்து முடிச்சுப் போடுங்கள். பத்து நிமிட வேலை.

அச்சடித்த பக்கங்களில் உறைகளையும் படங்களையும் ஒட்டுங்கள், வெள்ளைப் பக்கத்தில் எழுதுங்கள். பதினோரு வருடமாக நான் இப்படித்தான் செய்கிறேன்.

3 பிப்ரவரி, காலை 7.05

ஒரு முக்கியமான விஷயத்தை நேற்று விட்டுவிட்டேன். காகிதத்துக்கு இழை ஓட்டம் உண்டு. ஆலையில் கூழ் எந்தத் திசையில் ஓடியதோ அந்தத் திசையில் நார்கள் படுத்திருக்கும். அட்டையை மெதுவாக இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் சுலபமாக வளையும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். சுலபமாக வளைகிற வாக்கில்தான் முதுகு மடிப்பு வர வேண்டும். மாற்றி மடித்தால் மேல்பூச்சு வெடித்து, பசை பட்டதும் அட்டை படகு மாதிரி வளைந்துவிடும். மெல்லிய ஏ4 தாளுக்கு இதைப் பார்க்க வேண்டியதில்லை. அட்டைக்குக் கட்டாயம் பாருங்கள்.

அப்புறம் இலை, பூ. பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில், காலை நடைக்குப் போகும்போது கீழே கிடக்கும் மஞ்சள் பூவிதழை நான் பொறுக்கி வருவேன், கனமான புத்தகத்துக்குள் இரண்டு வாரம் வைத்தால் காய்ந்துவிடும்.

8 பிப்ரவரி, மாலை 4.30

எந்தப் பசை என்று நீங்கள் கேட்டதற்கு இப்போதுதான் வருகிறேன்.

என் தாய்மாமா சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். அவர் வீட்டுக்குப் போனால் மைதாப் பசை வாசனைதான் முதலில் வரும். ஒரு கரண்டி மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டுவார். இறக்கும்போது மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவார், நீல நிறக் கல்லைப் பொடித்தது. பூச்சி வராமல் இருக்க. அது விஷம், எங்களை அந்தப் பக்கம் வரவே விடமாட்டார்.

நான் ஆரம்பித்தபோது மாமாவை நினைத்துக்கொண்டு மைதாப் பசைதான் காய்ச்சினேன், துத்தம் போடாமல். டிசம்பர் மாதம், விடாத மழை. பத்துப் பக்கம் ஒட்டி ஈரம் காய்வதற்கு முன் மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். எட்டு நாள் கழித்து எடுத்தால் பக்கமெல்லாம் பச்சைப் புள்ளி. தங்கை மகளின் மழலையர் பள்ளிப் படம் ஒன்று அதில் போனது, அது ஒரே படம். இந்த ஊரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். ஒட்டும் வேலையைப் பிற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள். மைதா வேண்டாம், துத்தம் வேண்டவே வேண்டாம், அதுவும் வீட்டில் குழந்தை இருந்தால். பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசை போதும். பழைய ஏடிஎம் அட்டையால் மெல்லிசாக இழுத்துத் தடவுங்கள். தண்ணீர் கலக்காதீர்கள், தாள் சுருங்கும்.

ஒட்டியபின் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒன்று வைக்க வேண்டும். அதற்கு அந்தச் சோற்றுப் பொட்டலத் தாள் அருமை. அதன் ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, பசை பிடிக்காது. கறைபடாத ஓரத்தை வெட்டித் துடைத்து வைத்துக்கொண்டால் இருபது தடவை வரும். மேலே கனம் வைக்க 5 கிலோ அரிசி மூட்டை.

இப்போது யோசித்தால், முதல் குறிப்பில் இந்தத் தாளையும் ஒட்டுகிற சாமான்களோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன். தவறு. அந்தப் பூச்சுப் பக்கத்தில் எதுவும் ஒட்டாது, பேனா மையும் நிற்காது. ஒட்டும் வேலைக்கு உதவும், ஒட்டுவதற்கு உதவாது.

11 பிப்ரவரி, இரவு

தைப்பூசம். கால்வலி. தங்கை மகன் முதல் தடவை பால்குடம் எடுத்தான். பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு முருகன் கோயில் வரை கூடவே நடந்தோம். விபூதி மடித்த காகிதம், மஞ்சள் நூல் ஒரு சாண், பதிவு செய்த ரசீது. மூன்றும் பையில் இருக்கிறது. நாளைக்குத்தான்.

15 பிப்ரவரி, இரவு 11.50

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

எனக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். இணையத்தில் பார்த்து வந்தது இல்லை. அம்மாவிடமிருந்து. எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கும், நகைக்கடையில் கொடுப்பது. ராகுகாலம், எமகண்டம், கீழே ஒரு பழமொழி. காலையில் கிழிக்கும் தாளை அம்மா வீசியதே இல்லை. அதன் பின்பக்கம் அன்றைய கணக்கை எழுதுவார். பால், தேங்காய், மீன். கரங்குனிக்காரர் வந்து பழைய பேப்பருக்குக் கொடுத்த காசு. இடமிருந்தால் ஒரு வரி: ‘சின்னவனுக்குக் காய்ச்சல்’, ‘மழை, துணி காயவில்லை’. மாதம் முடிந்ததும் முப்பது தாளையும் அடுக்கி, மேலே ஒரே ஓட்டை போட்டு, மிட்டாய்ப் பெட்டி கட்டிவந்த கயிற்றைக் கோத்துவிடுவார். அவர் நான்காம் வகுப்பு வரைதான் படித்தவர். நாட்குறிப்பு எழுதுகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பனையோலைச் சுவடியும் அப்படித்தானே, துளையில் கயிறு கோத்துக் கட்டுவது. அம்மா சுவடியைப் பார்த்திருக்க மாட்டார். கை தானாக அங்கே போயிருக்கிறது.

இன்னொன்றும் இதோடு சேர்த்து எனக்கு நினைவு வரும். எகிப்தில் நாக் ஹம்மாதி என்ற ஊர்ப்பக்கம் 1945இல் ஒரு ஜாடிக்குள் பழைய நூல்கள் கிடைத்தன, கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, தோல் அட்டை போட்டவை. அந்தத் தோல் விறைப்பாக நிற்பதற்காகக் கட்டியவர்கள் உள்ளே கழிவுக் காகிதத்தைத் திணித்திருக்கிறார்கள். காகிதம் என்றால் பப்பைரஸ். யாரோ எழுதிய கடிதம், வரவு செலவுக் கணக்கு, வேண்டாமென்று போட்டவை. அந்தத் தாள்களில் சிலவற்றில் தேதி இருந்தது. நூல் எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிக்க அந்தக் கழிவுத் தாளில் இருந்த தேதிதான் கைகொடுத்தது. பழுதான தாள் என்று நாம் அட்டைக்குள் வைப்பது எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

அம்மாவின் கட்டுகள் பதினேழு என்னிடம் இருக்கின்றன. மீதி வீடு மாறியபோது போய்விட்டன. இந்தப் பதினேழை என் புத்தகத்தில் ஒட்ட எனக்கு இன்னும் கை வரவில்லை. ஒட்டினால் ஒரு பக்கம் மறைந்துவிடும். முன்பக்கம் தேதி, பின்பக்கம் கணக்கு, எதை மறைப்பது?

16 பிப்ரவரி, காலை

மேலே எழுதியதைப் படித்தேன். நேற்று ‘நான்காம் வகுப்பு’ என்று போட்டிருக்கிறேன். மூன்றாம் வகுப்பு, தங்கை அழைத்துச் சொன்னாள்.

19 பிப்ரவரி, பிற்பகல் 2.20

‘இதெல்லாம் குப்பை சேர்ப்பது. நீலத் தொட்டியில் போட்டால் உருப்படியாக மறுசுழற்சிக்குப் போகும், உங்கள் அலமாரியில் இருந்து என்ன பயன்?’ என்று ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானது, மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

எரித்த குப்பையின் சாம்பல் செமக்காவ் தீவுக்குப் போகிறது. 1999இல் திறந்த இடம், இப்படியே போனால் 2035க்குள் நிரம்பிவிடும் என்கிறார்கள். வீட்டுக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது 2022இல் 12 விழுக்காடுதான். இதைப் படித்துவிட்டுத்தான் நான்கூட முதல் இரண்டு வருடம் எல்லாரிடமும் ‘சுற்றுச்சூழலுக்காகச் செய்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. வருடத்துக்கு மூன்று புத்தகம் கட்டுகிறேன், அதில் போவது இரண்டு கிலோ காகிதம் இருக்குமா? இதனால் செமக்காவ் ஒரு நாள்கூட அதிகம் தாங்காது. சுத்தமான காகிதம் மீதி இருந்தால் அது நீலத் தொட்டிக்குத்தான் போக வேண்டும், அண்ணன் சொல்வது சரி. சாப்பாட்டுக் கறை பட்டதைப் போடாதீர்கள், அது கூட இருக்கும் நல்ல தாளையும் கெடுக்கும்.

ஆனால் ‘என்ன பயன்’ என்பதற்கு எனக்கு வேறு பதில் இருக்கிறது. எழுதுகிறேன். அவ்வளவுதான். அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இப்போது வேலைக்கு நேரமாகிவிட்டது.

சேர்ப்பதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறேன், மூவறை வீடு என்றீர்களே, உங்களுக்கும் உதவும். பழைய முறுக்கு டின் ஒன்று. அது நிரம்பினால் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. ஒரு புத்தகம் கட்டிக் காலியாக்கிய பிறகுதான்.

26 பிப்ரவரி

இது புது மோகமா என்று கேட்டவருக்கு: இல்லை. ஜெர்மனியில் குர்ட் ஷ்விட்டர்ஸ் என்று ஓர் ஓவியர் இருந்தார். முதல் உலகப்போர் முடிந்த கையோடு டிராம் சீட்டு, மிட்டாய் உறை, கம்பித்துண்டு என்று தெருவில் கிடந்ததை ஒட்டிப் படம் செய்தார். ஒரு படத்தில் ஒட்டிய அச்சுத்தாளில் ‘கொம்மெர்ஸ்’ என்று வணிகத்தைக் குறிக்கும் சொல் இருந்தது. வெட்டியபோது ‘மெர்ஸ்’ மட்டும் மிஞ்சியது. அந்தப் பாதிச் சொல்லையே தன் கலைக்குப் பெயராக வைத்துக்கொண்டார், 1919இல்.

என்னிடமும் அப்படி ஒன்று உண்டு. பொன்னி அரிசிப் பையை வெட்டி அட்டை போட்டேன், ‘ன்னி’ மட்டும் நின்றது. நான் வேலை செய்யும் மாணவர் பராமரிப்பு நிலையத்தில் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தை ‘ன்னி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘ஆண்ட்டி, இன்றைக்கு ன்னி கொண்டு வந்தீர்களா?’

1 மார்ச், இரவு 10.10

எச்சரிக்கை. தைப்பூச ரசீதைப் புத்தகத்தில் வைத்தேன். சுருண்டிருந்தது, துணியை மேலே போட்டு இஸ்திரி போட்டேன். முழுக்கக் கறுத்துவிட்டது, ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

கடை ரசீது, ஏடிஎம் சீட்டு எல்லாம் பெரும்பாலும் சூட்டில் எழுத்து வரும் தாள். மை இல்லை, தாளின் மேல்பூச்சே சூடு பட்டால் கறுக்கிறது. இஸ்திரி போட்டால் எல்லாம் கறுக்கும், வெளிச்சத்தில் வைத்தால் எல்லாம் வெளிறும், பசை பட்டால் சிலது மறையும். எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆசையில் மறந்துவிட்டேன். வேண்டிய ரசீதை அன்றைக்கே நகலெடுத்து நகலை ஒட்டுங்கள். நூலகத்தில் நகல் இயந்திரம் இருக்கிறது.

செய்தித்தாளும் அப்படித்தான், வேறு காரணத்துக்காக. மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சத்தில் பழுப்பாகும், பக்கத்துத் தாளிலும் அந்தக் கறை இறங்கும். தமிழ் முரசில் வந்த சித்தப்பாவின் இரங்கல் விளம்பரத்தை நகலெடுத்துத்தான் வைத்திருக்கிறேன், மூலத்தைத் தனி உறையில்.

தங்கை மகனிடம் சொன்னேன். ‘பரவாயில்லை பெரியம்மா, அடுத்த வருஷமும் எடுப்பேன்’ என்றான்.

9 மார்ச், காலை 8.45

பூமலைப் பூவிதழ் பற்றி நான் எழுதியதைத் திருத்துகிறேன். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் அனுமதி இல்லாமல் செடியின் எந்தப் பாகத்தையும் எடுக்கக் கூடாது, கீழே விழுந்தது என்றாலும். இங்கே ஒரு சகோதரி சுட்டிக்காட்டினார், நன்றி. விழுந்த விதையும் இலையும் அங்குள்ள உயிர்களுக்கும் மண்ணுக்கும் வேண்டியவை என்று அவர் சொன்னதும் எனக்கு மனதில் தைத்தது. இத்தனை வருடம் தெரியாமல் செய்திருக்கிறேன்.

சின்ன வயதில் நாங்கள் மஞ்சாடி விதை பொறுக்காத மரத்தடி இல்லை. சாகா விதை என்பார்களே, சிவப்பாக, பளபளவென்று. நாலு விதை சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிராம். அந்தக் காலத்தில் ஒரு பாட்டில் நிறைய வைத்திருந்தேன். பாட்டில் இன்னும் இருக்கிறது, அது போதும்.

இப்போது எங்கள் வீட்டு நடைபாதையில் இருக்கும் தொட்டிச் செடிகள்தான்: கறிவேப்பிலை, செம்பருத்தி, வெற்றிலை. தேக்கா பூக்கடைகளில் மாலை கட்டும்போது உதிர்வதைக் கேட்டால் தருவார்கள். சாமந்தி இதழ் நிறம் நன்றாக நிற்கிறது. மல்லிகை நிற்காது, பழுப்பாகிவிடும்.

பழைய சாமான் என்றதும் சுங்கை ரோடு சந்தை நினைவு வருகிறது. 2017 ஜூலை 10இல் மூடினார்கள். கடைசி வாரத்தில் போய் ஒரு வெள்ளிக்கு ஒரு கட்டுத் தபால் அட்டை வாங்கினேன். யாரோ யாருக்கோ எழுதியது, சீனத்தில். எனக்கு அது படிக்கத் தெரியாது. அதை மட்டும் இன்னும் வெட்டவில்லை. யாருடையதோ, வெட்டலாமா என்று ஒரு தயக்கம்.

22 மார்ச், இரவு 9.40

எழுதுவதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன் என்றேன் அல்லவா.

எங்கள் நிலையத்தில் தொடக்கநிலை 4 படிக்கும் ஒரு பையன். தமிழ் பேசுவான், எழுத மாட்டான். போன வருடம் அவனுக்கு நானே நல்ல வெள்ளைத் தாள் நோட்டு, கெட்டி அட்டை போட்டது, வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் பெயர் எழுதினான். இரண்டு எழுத்து கோணலாகிவிட்டது. பக்கத்தைக் கிழித்தான். அடுத்த பக்கத்தில் மறுபடி பெயர், மறுபடி கிழித்தான். ஆறு பக்கம் போனபின் நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டான். அத்தோடு சரி.

இந்த மாதம் பிள்ளைகள் எல்லாருக்கும் மூன்று துளைத் தையல் சொல்லிக் கொடுத்தேன். அவன் எடுத்த தாள் பெருக்கல் கணக்குப் பயிற்சித்தாள், ஒரு பக்கம் ஏற்கெனவே யாரோ போட்டுத் திருத்திய கணக்கு. அட்டை பிஸ்கட் பெட்டி. தையல் தளர்ந்துவிட்டது. அதைப் பற்றி அவன் கவலையே படவில்லை. மறுநாள் வந்து காட்டினான். கணக்குக்குப் பின்பக்கம் எழுதியிருந்தான்: ‘பாட்டி இன்று எனக்கு பிடிக்காத கத்தரிக்காய் செய்தார். நான் சாப்பிட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியாது.’ ஒற்று விட்டிருந்தது, நான் திருத்தவில்லை.

ஏற்கெனவே அழுக்கான தாளைப் புதிதாக யாரும் கெடுத்துவிட முடியாது. அதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். என் அலமாரியிலும் அழகான தோல் அட்டை நோட்டு இரண்டு இருக்கின்றன, பிறந்தநாளுக்கு வந்தவை, ஒரு வரி எழுதியதில்லை. பொன்னி அரிசிப் பையில் கட்டியது நிரம்பி வழிகிறது. அந்த 48 வெள்ளிப் பெட்டியை வாங்காதீர்கள் என்று நான் அவ்வளவு வேகமாகச் சொன்னதற்குக் காரணம் காசு இல்லை. காசு கொடுத்து வாங்கிய அழகான தாளில் கை வைக்கப் பயம் வரும். பயந்து பயந்து அலங்காரம் செய்துவிட்டு எழுதாமலே மூடி வைப்பீர்கள்.

23 மார்ச், காலை

நேற்று எழுதியதில் கொஞ்சம் அழுத்திவிட்டேன். அலங்காரம் மட்டும் செய்து மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள், தெரியும். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஓர் அம்மா, பக்கவாதத்துக்குப் பிறகு வலது கையால் எழுத முடியாது. இடது கையால் உறைகளைக் கிழித்துக் கிழித்துப் பூ மாதிரி ஒட்டுகிறார். அவருக்கு அதுதான் எழுத்து.

2 ஏப்ரல், மாலை

நோன்புப் பெருநாள் முடிந்து, பணம் வைத்துக் கொடுக்கும் பச்சை உறைகள் வந்துவிட்டன. பக்கத்து வீட்டு மலாய் அக்கா இந்த முறை பேரப்பிள்ளைகளுடையதையும் சேர்த்துக் கொடுத்தார். பச்சையில் தங்கக்கோடு. அதன் அடிப்பக்கத்தை வெட்டாமல் வாயை மட்டும் திறந்துவைத்து மூன்று பக்கமும் பசை தடவினால் நல்ல பை. உள்ளே தனித்தாள் செருகலாம்.

இதைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் அம்மாவின் காலண்டர் தாள்களுக்கு வழி கிடைத்தது. ஒட்ட வேண்டியதே இல்லை, பையில் செருகினால் எடுத்து இரண்டு பக்கமும் பார்க்கலாம்! ஒன்றரை மாதமாக இது தோன்றவில்லை.

ராமபாணப் பூச்சியைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். காகிதத்தையும் பசையையும் அரிக்கும் அந்த வெள்ளிப் பூச்சி. வெளியிலிருந்து வரும் பழைய காகிதத்தை நான் நேராக டின்னில் போடுவதில்லை. ஜிப் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, இரண்டு வாரம் ஃப்ரீசரில். எடுத்த உடனே திறக்கக் கூடாது, மூடியபடியே ஒரு நாள் வெளியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தாளில் நீர் கோத்துவிடும். டின்னுக்குள் காலணிப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் நாலு, துணியில் முடிந்த வசம்பு ஒரு துண்டு. வசம்பு அம்மா வழி.

6 ஏப்ரல்

கேள்வி கேட்ட தங்கச்சி படம் அனுப்பியிருக்கிறார்! கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டி அட்டை, இளஞ்சிவப்பு ராஃபியாவைப் பிரித்து மெல்லிசாக்கித் தைத்திருக்கிறார், எனக்கே அது தோன்றியதில்லை. முதல் பக்கத்தில் அந்த 48 வெள்ளிப் பெட்டியின் விளம்பரத்தை அச்செடுத்து ஒட்டி, கீழே ‘வாங்காதது’ என்று எழுதியிருக்கிறார்.

ஐந்து தாள் போதவில்லை, மடிப்புக் கட்டுகள் நாலைந்தைச் சேர்த்துத் தைப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். அதற்குக் காப்டிக் தையல் என்று ஒன்று, அதுவும் எகிப்து வழிதான், முதுகில் சங்கிலி மாதிரி நூல் தெரியும், புத்தகம் மேசையில் படிய விரியும். எழுத்தில் சொன்னால் குழம்பும். சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வாருங்கள், கல்மேசை இருக்கிறது. ஊசியும் மெழுகும் நான் கொண்டுவருகிறேன். தாளும் அட்டையும் உங்கள் வீட்டிலிருந்து வர வேண்டும்.

14 ஏப்ரல், மாலை 5.30

சனிக்கிழமை வந்த ஆறு பேருக்கும் புத்தாண்டு வாழ்த்து. காப்டிக் தையலில் இரண்டாவது கட்டைச் சேர்க்கும் இடத்தில் எல்லாருக்கும் நூல் தளர்ந்தது, எனக்கும் முதல் மூன்று புத்தகத்தில் அப்படித்தான். ஒவ்வொரு கட்டு முடிந்ததும் நூலை முதுகு வாக்கில் இழுங்கள், செங்குத்தாக இழுத்தால் தாள் கிழியும்.

இன்று காலை அம்மாவின் கட்டுகளில் இதே தேதியைத் தேடினேன். ஒன்று கிடைத்தது. 1995 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை, யுவ வருடப் பிறப்பு, புனித வெள்ளியும் சேர்ந்து வந்ததால் சிவப்பில் அச்சடித்திருக்கிறது. பின்பக்கம் பென்சிலில்: ‘முருங்கைக்காய் 1.20. வெல்லம் 80 காசு. பெரியவள் வேலை என்று சொன்னாள். பாயாசம் எடுத்து வைத்திருக்கிறேன்.’

பெரியவள் நான்தான். பொது விடுமுறை நாளில் என்ன வேலை இருந்தது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன், நினைவில்லை. பாயாசம் சாப்பிட்டேனா என்றும் நினைவில்லை.

பச்சை உறைப் பையில் அந்தத் தாளைச் செருகிவிட்டேன், பென்சில் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. எதிர்ப்பக்கத்தில் இன்றைய கணக்கை எழுதினேன். முருங்கைக்காய் 3.40. வெல்லம் 2.90. மகள் ஏழு மணிக்கு வருகிறாள்.